இங்கிலாந்துத் திருச்சபையில் திருமணம், பாலீர்ப்பு, வரவேற்பு: தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

இங்கிலாந்தில் குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்களில் பலர் தமிழ் ஆராதனைக்கு மாதம் ஒருமுறை போனாலும், மற்ற ஞாயிறுகளில் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள இங்கிலாந்துத் திருச்சபை ஆலயத்துக்குத்தான் போகிறார்கள். பிள்ளைகளுக்குத் திருமணம் பேசும்போதோ, செய்தித்தாளில் ஒரு தலைப்பைப் பார்த்த பிறகோதான் 'இந்தச் சபை உண்மையில் என்ன சொல்கிறது?' என்ற கேள்வி எழுகிறது. இங்கும் ஊரிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையே கீழே தொகுத்திருக்கிறேன். திருச்சபையின் நிலை எது, என் கருத்து எது என்பதைக் கலக்காமல் சொல்ல முயன்றிருக்கிறேன்.

இங்கிலாந்துத் திருச்சபைக்கும் நம் சி.எஸ்.ஐ. சபைக்கும் என்ன உறவு?

தாய் சபைகளில் ஒன்று என்ற உறவு. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதில் இணைந்த சபைகளில் ஆங்கிலிக்கன் சபையும் ஒன்று. இன்று இரண்டும் உலக ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் உறுப்பினர்கள். ஆனால் ஒன்றின் கீழ் மற்றொன்று இல்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பேராயரான கேன்டர்பரி பேராயருக்கு மரியாதை உண்டு. இந்தியாவிலுள்ள ஒரு பிஷப்புக்கு ஆணையிடும் அதிகாரம் அவருக்கு இல்லை.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். இந்தத் திருச்சபை இங்கிலாந்துக்கு மட்டும் உரியது. வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் உள்ள ஆங்கிலிக்கன் சபைகள் தனித்தனி. 'பிரிட்டனில் சர்ச் அனுமதித்துவிட்டது' என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தி எந்தச் சபையைப் பற்றியது என்று பார்க்காமல் நம்ப வேண்டாம்.

திருமணத்தைப் பற்றி அதன் அதிகாரபூர்வப் போதனை என்ன?

ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வாழ்நாள் முழுவதற்குமாக இணைவதே திருமணம் என்று அதன் திருச்சபைச் சட்டத்தில் பி 30 என்ற விதி சொல்கிறது. அந்த விதி இன்றுவரை மாறவில்லை. 1662ஆம் ஆண்டு ஜெப புத்தகம் திருமணத்துக்கு மூன்று காரணங்களைச் சொல்கிறது: பிள்ளைப்பேறு, பாவத்திலிருந்து காப்பு, சுகத்திலும் துக்கத்திலும் ஒருவருக்கொருவர் துணை. இப்போது பெரும்பாலான ஆலயங்களில் பயன்படும் புதிய வழிபாட்டு முறையில் மூன்றாவதாக இருந்த துணை முன்னுக்கு வந்துவிட்டது. மணமகள் மட்டும் 'கீழ்ப்படிவேன்' என்று சொல்லும் பழைய வாக்குறுதியும் கட்டாயமில்லை.

நாங்கள் அங்கே திருமணம் செய்துகொள்ளலாமா? உறுப்பினர் சந்தா, திடப்படுத்தல் சான்றிதழ் எல்லாம் வேண்டுமா?

வேண்டாம். ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது வியப்பாகவே இருக்கும். நாட்டின் அரசுத் திருச்சபை என்பதால், ஒரு சேகரத்தின் எல்லைக்குள் குடியிருப்பவருக்கு அந்த ஆலயத்தில் மணம் முடிக்கும் உரிமையைச் சட்டமே தருகிறது. அங்கே குடியில்லாவிட்டாலும், ஞானஸ்நானம் பெற்றது அந்த ஆலயத்தில், பெற்றோர் மணம் முடித்தது அந்த ஆலயத்தில் என்பது போன்ற தொடர்பு இருந்தாலும் போதும். 2008ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி செய்தது. இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 2023 பிப்ரவரி வரை பெற்றோர் சம்மதத்துடன் 16 வயதிலேயே மணக்கலாம் என்றிருந்ததை இப்போது நீக்கிவிட்டார்கள்.

ஓலை வாசிப்பு இங்கும் உண்டு. மூன்று ஞாயிறு ஆராதனைகளில் குரு எழுந்து இருவரின் பெயரையும் சேகரத்தையும் படித்து, 'இவர்கள் பரிசுத்த விவாகத்தில் இணைக்கப்படாதபடி நியாயமான தடை ஏதேனும் உங்களில் யாருக்காவது தெரிந்தால் அறிவிக்க வேண்டும்' என்பார். திருநெல்வேலிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்த வாசகமும், அதைத் தொடரும் ஒரு நொடி அமைதியும் அப்படியே பழக்கமானவை. மூன்றாவது ஓலையிலிருந்து மூன்று மாதத்துக்குள் திருமணம் முடிய வேண்டும்.

இங்கேதான் நம்மவர்கள் இடறுகிறார்கள். மணமக்களில் ஒருவர் இந்திய அல்லது இலங்கை பாஸ்போர்ட் வைத்திருந்தால் ஓலை வாசிப்பை வைத்து மட்டும் திருமணம் நடத்த முடியாது. இருவரும் அரசுப் பதிவாளர் அலுவலகத்தில் நேரில் அறிவிப்புக் கொடுத்துச் சான்றிதழ் பெற வேண்டும். அதற்கு 28 நாள் ஆகும். குடிவரவுத் துறை விசாரிக்க விரும்பினால் 70 நாள் வரை நீளும். 2015 மார்ச் முதல் இதுதான் நடைமுறை. மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு டிக்கெட்டும் எடுத்த பிறகு இதைக் கேள்விப்பட்டுத் தவித்த குடும்பங்கள் உண்டு. முதலில் பதிவாளர், பிறகு மண்டபம்.

மாப்பிள்ளை இந்து. ஆலயத்தில் திருமணம் நடக்குமா? தாலி கட்டலாமா?

நடக்கும். ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. ஆனால் வழிபாட்டு வாசகங்கள் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரில்தான் இருக்கும்; அவற்றை மாற்றித் தர மாட்டார்கள். அந்த வாக்குறுதியைத் தன்னால் மனதாரச் சொல்ல முடியுமா என்று மாப்பிள்ளையும் யோசிக்க வேண்டும். அது அவருக்குக் காட்டும் மரியாதை. மோதிரம் அணிவிப்பது வழிபாட்டின் பகுதி. அதோடு தாலியும் கட்ட விரும்பினால் குருவிடம் முன்கூட்டியே பேசுங்கள். தாலியைப் பற்றி ஒன்றும் தெரியாத குருவுக்கு, தமிழ்நாட்டு ஆலயங்களில் குருவே ஜெபித்துத் தாலியை எடுத்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு என்று சொன்னால் தயக்கம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

விவாகரத்தானவர் மறுமணம் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் உரிமையாகக் கேட்க முடியாது. முன்னாள் துணைவர் உயிரோடிருக்கும்போது மறுமணம் நடத்துவதா என்பதைக் குருவின் மனசாட்சிக்குச் சட்டம் விட்டிருக்கிறது. பிஷப்புகள், குருமார், சபையார் என மூன்று அவைகள் கொண்ட, திருச்சபையின் முடிவெடுக்கும் மன்றமான சினாடு 2002இல் இதற்கு ஒப்புதல் கொடுத்தது. முதல் மணம் ஏன் முறிந்தது, பிள்ளைகளின் நிலை என்ன, புதிய உறவுதான் பழையதை உடைத்ததா என்றெல்லாம் குரு கேட்பார். கேட்பது நியாயம்தான்.

இந்த இடத்துக்கு வந்து சேர எவ்வளவு காலம் ஆனது என்பதற்கு அரச குடும்பமே சாட்சி. விவாகரத்தான பெண்ணை மணக்க விரும்பிய எட்டாம் எட்வர்ட் 1936இல் முடியைத் துறந்தார். 1955இல் இளவரசி மார்கரெட், கிறிஸ்தவத் திருமணம் பிரிக்க முடியாதது என்ற சபையின் போதனையைக் குறிப்பிட்டு, தாம் விரும்பியவரைக் கைவிட்டார். 2005இல் சார்லஸும் கமீலாவும் வின்சர் நகர மண்டபத்தில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, பிறகு புனித ஜார்ஜ் சிற்றாலயத்தில் கேன்டர்பரி பேராயர் நடத்திய ஜெப ஆராதனையில் மட்டும் கலந்துகொண்டார்கள். 2018இல் அதே சிற்றாலயத்தில், விவாகரத்தாகியிருந்த மேகனுக்கும் ஹாரிக்கும் முழுத் திருமண ஆராதனையே நடந்தது. 2005இல் நடந்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: திருமணம் வெளியே, ஜெபம் உள்ளே.

வேதம் மாறாதபோது சபையின் நிலை மட்டும் எப்படி மாறலாம்?

இந்தக் கேள்வியைக் கோபத்தோடு கேட்பவர்களும் உண்டு, கண்ணீரோடு கேட்பவர்களும் உண்டு. வரலாற்றிலிருந்து இரண்டு செய்திகளைச் சொல்கிறேன்.

நம் ஊரில் மனைவி இறந்துவிட்டால் அவள் தங்கையை மணப்பது சாதாரணமாக நடக்கும் காரியம். பிள்ளைகளை அவளே நன்றாகப் பார்த்துக்கொள்வாள் என்று பெரியவர்களே பேசி முடிப்பார்கள். இங்கிலாந்துத் திருச்சபையில் அது தகாத உறவு. ஜெப புத்தகத்தோடு அச்சிடப்பட்டு ஆலயங்களில் தொங்கிய விலக்கப்பட்ட உறவுகளின் பட்டியலில் மனைவியின் சகோதரியும் இருந்தாள். லேவியராகமத்தை ஆதாரம் காட்டி பிஷப்புகள் நாடாளுமன்றத்தில் பல பத்தாண்டுகள் எதிர்த்தார்கள். 1907இல் சட்டம் அதை அனுமதித்தது. அதன் பிறகும், நாரிச் அருகே ஒரு குரு அப்படி மணந்த தம்பதிக்குத் திருவிருந்து கொடுக்க மறுத்தார். வழக்கு திருச்சபை நீதிமன்றத்தில் தொடங்கி, அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபை வரை போனது. 1912இல் குரு தோற்றார். இன்று அந்தச் சண்டையின் பெயர்கூட யாருக்கும் நினைவில் இல்லை.

இரண்டாவது, கருத்தடை. 1920இல் உலக ஆங்கிலிக்கன் பிஷப்புகளின் லாம்பெத் மாநாடு அதைக் கடுமையாக எச்சரித்தது. பத்தே ஆண்டில், 1930 மாநாட்டில், சில நிபந்தனைகளோடு ஏற்றுக்கொண்டது. நம் சபைகளில் இன்று எத்தனை குடும்பங்கள் இதைப் பாவம் என்று நினைக்கின்றன?

முன்பு மாறியது என்பதால் இப்போதும் மாறியே ஆக வேண்டும் என்று இதை வைத்து வாதிட முடியாது. ஒவ்வொன்றையும் அதனதன் நியாயத்தில்தான் எடைபோட வேண்டும். ஆனால் 'திருமணப் போதனை இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒரு புள்ளிகூட மாறவில்லை' என்று மேடையில் முழங்குகிறவர் தம் சபையின் வரலாற்றைப் படிக்கவில்லை.

திருமணத்துக்கு முன் சேர்ந்து வாழ்பவர்களைச் சபை ஒதுக்குமா?

ஒதுக்காது. உடலுறவு திருமணத்துக்குள்தான் என்பது இன்றும் போதனை. ஆனால் ஓலை கொடுக்க வரும் இணையரில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஒரே முகவரியில் வாழ்பவர்கள் என்பது எல்லாக் குருமாருக்கும் தெரியும். யாரும் திருப்பி அனுப்புவதில்லை. 2020 ஜனவரியில் பிஷப்புகள் இந்தப் போதனையைக் கறாராக நினைவூட்டி ஓர் அறிக்கை வெளியிட, அது மக்களைப் புண்படுத்தியதற்காக இரண்டு பேராயர்களும் சில நாட்களில் வருத்தம் தெரிவித்தார்கள். போதனையைத் திரும்பப் பெறவில்லை.

ஒரே பாலினத் தம்பதிக்கு இங்கிலாந்துத் திருச்சபை திருமணம் நடத்துகிறதா?

இல்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2014 மார்ச் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரே பாலினத் திருமணம் சட்டபூர்வமானது. ஆனால் அதே சட்டம் இங்கிலாந்துத் திருச்சபையை விலக்கி வைத்திருக்கிறது. தனிப்பட்ட ஒரு குரு விரும்பினாலும் நடத்த முடியாது, நடத்தினால் செல்லாது. ஸ்காட்லாந்து எபிஸ்கோப்பல் சபை 2017இலும் பிரிட்டன் மெதடிஸ்ட் சபை 2021இலும் ஏற்றுக்கொண்டன. வேல்ஸ் ஆங்கிலிக்கன் சபை 2021இல் ஆசீர்வாத ஆராதனையை மட்டும் அனுமதித்தது.

பிறகு செய்தியில் வந்த 'ஆசீர்வாதம்' என்ன?

2023 டிசம்பர் 17 முதல், ஒரே பாலினத் தம்பதிக்காகப் பயன்படுத்தக்கூடிய சில ஜெபங்களைப் பிஷப்புகள் அனுமதித்திருக்கிறார்கள். ஞாயிறு ஆராதனை போன்ற வழக்கமான வழிபாட்டின் நடுவில் அந்த இருவரையும் முன்னே அழைத்து, அவர்களுடைய அன்புக்காக நன்றி சொல்லி, கடவுளின் ஆசீர்வாதத்தைக் கேட்டு ஜெபிக்கலாம். திருமண வாக்குறுதி கேட்க முடியாது. திருமண ஆராதனை போலத் தோன்றும்படி எதுவும் இருக்கக் கூடாது. அவர்களுக்கென்றே அழைப்பிதழ் அடித்து, சனிக்கிழமை பிற்பகலில் தனி ஆராதனை வைக்கவும் முடியாது. எந்தக் குருவும் கட்டாயப்படுத்தப்பட மாட்டார். ஜெபிக்க மறுப்பவருக்குத் தண்டனை இல்லை, ஜெபிப்பவருக்கும் இல்லை.

சார்லஸ் கமீலாவுக்கு 2005இல் கிடைத்த வழிதான் இது, இன்னும் குறுக்கப்பட்டு. அவர்களுக்குத் தனி ஆராதனையாவது கிடைத்தது.

இந்த நிலைக்கு எப்படி வந்தார்கள்?

பலரும் 2023இலிருந்து தொடங்குகிறார்கள். கதை எழுபது ஆண்டு பழையது. அதன் தொடக்கம் திருச்சபைக்குப் பெருமை தருவது. ஆண்களுக்கிடையிலான உறவு சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக இருந்த 1950களில், அதைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்குவது பற்றி யோசிக்கச் சொன்னவர்களில் இந்தத் திருச்சபையின் ஒழுக்க நலக் குழுவும் உண்டு. 1957இல் அரசு நியமித்த வுல்ஃபெண்டன் குழு அதையே பரிந்துரைத்தது. பாவம் என்று கருதினாலும் குற்றம் ஆக்கக் கூடாது என்ற நிலையில் பேராயர் மைக்கேல் ராம்சே பிரபுக்கள் சபையில் ஆதரித்தார். 1967இல் சட்டம் மாறியது.

அதன் பிறகு வந்த ஆண்டுகள் இழுபறி. 1991இல் பிஷப்புகள் வெளியிட்ட ஆவணம், சபையார் மனசாட்சிப்படி ஒரே பாலின உறவில் வாழ்ந்தால் அவர்களைத் தள்ளக் கூடாது, ஆனால் குருமாருக்கு அது கூடாது என்று இரண்டு அளவுகோல் வைத்தது. 1998 லாம்பெத் மாநாட்டில் 526 பிஷப்புகள் ஒரு பக்கமும் 70 பேர் மறுபக்கமும் வாக்களிக்க, ஒரே பாலின உறவு வேதத்துக்கு ஒவ்வாதது என்ற தீர்மானம் நிறைவேறியது. தன்பாலீர்ப்பாளர்களின் அனுபவத்தைச் செவிகொடுத்துக் கேட்போம் என்ற உறுதிமொழியும் அதே தீர்மானத்தில் இருந்தது. முதல் பாதியை மேற்கோள் காட்டுகிறவர்கள் இரண்டாம் பாதியைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

2003இல் ரெடிங் பிஷப்பாக அறிவிக்கப்பட்ட ஜெஃப்ரி ஜான், நீண்ட காலத் தோழருடன் துறவு நிலையில் வாழ்வதாகச் சொன்ன பிறகும், எதிர்ப்பால் விலக நேர்ந்தது. விதியை மீறாதவரையே விதியின் பெயரால் விலக்கினார்கள் என்பது என்னை இன்றும் உறுத்துகிறது.

2017இல் ஒரே பாலின உறவு பற்றிய பிஷப்புகளின் அறிக்கை ஒன்றைச் சினாடின் குருமார் அவை 100க்கு 93 என்ற கணக்கில் ஏற்க மறுத்தது. அதிலிருந்து பிறந்ததே 'அன்பிலும் விசுவாசத்திலும் வாழ்தல்' என்ற பெரிய ஆய்வு. 2020 நவம்பரில் கனத்த நூலும் காணொலிகளும் சபைகளுக்கு வந்தன. 2023 ஜனவரியில் பிஷப்புகள் தன்பாலீர்ப்பாளர்களிடமும் திருநரிடமும், நிராகரித்ததற்காகவும் ஒதுக்கியதற்காகவும் மன்னிப்புக் கேட்டார்கள். பிப்ரவரி 9 அன்று, ஒரே பாலினத் தம்பதிக்கான ஜெபங்களுக்கு வழிவிடும் தீர்மானத்தின் மீது சினாடு வாக்களித்தது: பிஷப்புகள் 36க்கு 4, குருமார் 111க்கு 85, சபையார் 103க்கு 92.

அந்த எண்களைக் கவனியுங்கள். எல்லா அவையிலும் பெரும்பான்மை உண்டு. ஆனால் குருமார் அவையிலும் சபையார் அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு இல்லை. முறையான புதிய வழிபாட்டை ஏற்படுத்த ஒவ்வொரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். தனி ஆராதனைகளுக்கு அந்த முழு நடைமுறை தேவை என்று 2025 அக்டோபரில் பிஷப்புகள் அறிவித்தார்கள். அதாவது, இப்போதைய கணக்கில் அந்தக் கதவு திறக்காது. பெண்களைப் பிஷப்பாக்கும் தீர்மானமும் 2012இல் சபையார் அவையில் ஆறு வாக்குக் குறைவால்தான் தோற்றது, 2014இல் நிறைவேறியது. சினாடில் எண்கள் மாறும். எப்போது என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

ஒரே பாலினத்தவரை மணந்தவர் குருவாக இருக்கலாமா?

முடியாது. திருமணம் அல்லாமல் சட்டம் அங்கீகரிக்கும் இணைவான பதிவுசெய்த துணைமையில் இருக்கலாம், உடலுறவு இல்லை என்று உறுதி கொடுத்தால். திருமணம் செய்யக் கூடாது என்று 2014 பிப்ரவரியில் பிஷப்புகள் அறிவித்தார்கள். அந்த ஆண்டே திருமணம் செய்துகொண்ட ஜெரமி பெம்பர்டன் என்ற குருவுக்கு, மருத்துவமனைச் சிற்றாலயப் பணிக்கான அனுமதி மறுக்கப்பட்டது. அவர் நீதிமன்றம் போயும் தோற்றார். 2025 ஜூலையில், குருத்துவத்துக்கு வருவோர் 1991ஆம் ஆண்டு ஆவணத்தின்படி வாழ உடன்பட வேண்டும் என்ற நிபந்தனையைச் சினாடு நீக்கியது. ஆனால் திருமணத்தின் மீதான தடை நிற்கிறது.

வேதம் தெளிவாகத்தானே சொல்கிறது?

இரண்டு தரப்பையும் அதனதன் பலத்தோடு சொல்ல வேண்டும். மரபை ஆதரிப்பவர்கள் லேவியராகமத்தின் இரண்டு வசனங்களை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் அல்ல. ஆதியாகமத்தில் ஆணும் பெண்ணுமாகச் சிருஷ்டித்தது, மத்தேயு 19இல் இயேசு அதையே எடுத்துச் சொன்னது, ரோமர் முதல் அதிகாரம், கிறிஸ்துவும் சபையும் என்று எபேசியர் ஐந்தில் வரும் உவமை ஆகிய எல்லாம் சேர்ந்து திருமணத்துக்கு ஒரு வடிவம் தருகின்றன என்பது அவர்கள் வாதம். இவர்களில் தன்பாலீர்ப்பு உள்ளவர்களும் உண்டு; போதனையை ஏற்று மணமின்றி வாழ்கிறார்கள். அவர்கள் தியாகத்தை இளக்காரமாகப் பேசுவது அநியாயம்.

மாற்றம் வேண்டுவோர், பவுல் கண்டித்தது அவர் காலத்து அடிமைகள் மீதும் சிறுவர் மீதும் நடந்த சுரண்டலையும் கட்டற்ற இச்சையையும்தான், உண்மையோடு வாழும் இரு பெரியவர்களின் உறவை அவர் கண் முன் வைத்திருக்கவில்லை என்கிறார்கள். விருத்தசேதனம் இல்லாத புறஜாதியார் மேலும் ஆவி இறங்கியதைக் கண்டு பேதுரு மனம் மாறிய அப்போஸ்தலர் பத்தாம் அதிகாரத்தைக் காட்டுகிறார்கள். 'மனுஷன் தனிமையாயிருப்பது நல்லதல்ல' என்ற வார்த்தை இவர்களுக்கும் சொல்லப்பட்டதுதானே என்று கேட்கிறார்கள்.

எனக்கு இரண்டாம் தரப்பின் வாதம் வலுவாகத் தெரிகிறது. அதைவிட உறுதியாக நான் நம்புவது வேறொன்று: எந்தத் தரப்பானாலும், தன் நிலையை வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் சேகர மன்றத்தில் இருந்த ஓர் ஆலயத்தின் முகப்பில் 'யாவரும் வருக' என்று பெரிய பலகை இருந்தது. இரண்டு பெண்கள் பல மாதங்களாக வந்தார்கள். ஆராதனை முடிந்ததும் தேநீர்க் கோப்பைகளைக் கழுவும் முறைப்பட்டியலில் அவர்கள் பெயரும் இருந்தது. பதிவுத் திருமணம் முடித்துவிட்டு, ஞாயிறு ஆராதனையில் எங்களுக்காக ஒரு ஜெபம் செய்வீர்களா என்று கேட்ட பிறகுதான், இங்கே அது நடக்காது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. மறுத்தது குருவின் உரிமை. அத்தனை மாதம் சொல்லாமல் விட்டது உரிமை அல்ல, கோழைத்தனம். அந்த மன்றத்தில் நானும் இருந்தேன். நாங்கள் எல்லாரும் சேர்ந்து செய்தது அது. இன்னும் கடுமையான கொள்கை உள்ள சபைகூட முதல் வாரத்திலேயே நேர்மையாகச் சொல்லியிருந்தால் அந்தப் பெண்கள் வேறு ஆலயம் தேடியிருப்பார்கள். இப்படி எல்லார் முன்னிலையிலும் முகம் சிவந்து நின்றிருக்க மாட்டார்கள்.

திருநங்கைகள், திருநம்பிகள்?

பால் மாற்றம் குருத்துவத்துக்குத் தடை அல்ல. 2000ஆம் ஆண்டிலேயே ஸ்விண்டனில் கேரல் ஸ்டோன் என்ற குரு தம் மாற்றத்துக்குப் பிறகும் அதே சேகரத்தில் பணியைத் தொடர்ந்தார். 2017இல் சினாடு திருநரை வரவேற்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. புதிய பெயரில் சபை முன் நிற்க விரும்புவோருக்கு, ஞானஸ்நான விசுவாசத்தை உறுதிப்படுத்தும் ஆராதனையைப் பயன்படுத்தலாம் என்று 2018 டிசம்பரில் பிஷப்புகள் வழிகாட்டினார்கள். மீண்டும் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, அது ஒருமுறைதான். சட்டப்படி பாலின அங்கீகாரம் பெற்றவருக்குத் திருமணம் நடத்த மறுக்கக் குருவுக்கு மனசாட்சி விலக்கு உண்டு.

ஒரே பாலினத் தம்பதிக்கான ஜெபங்களை ஏற்காதவர்களுக்கு இடம் இருக்கிறதா?

இருக்கிறது. பெண்களின் குருத்துவத்தை ஏற்காத சேகரங்கள் தங்களுக்கு வேறு பிஷப்பின் மேற்பார்வையைக் கேட்கும் ஏற்பாடு 1990களிலிருந்தே உண்டு. இந்த விஷயத்திலும் அதுபோன்ற ஏற்பாட்டைக் கேட்கிறார்கள். லண்டன் பிஷப்பாக இந்த ஜெபங்களின் பணியை முன்னின்று நடத்திய சாரா மலாலி 2025 அக்டோபரில் கேன்டர்பரி பேராயராக அறிவிக்கப்பட்டார். அந்தப் பதவிக்கு வரும் முதல் பெண். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் உள்ள சில சபைகளோ, 2023 வாக்கெடுப்புக்குப் பிறகு கேன்டர்பரியின் தலைமையை ஏற்க மாட்டோம் என்று அறிவித்துவிட்டன.

ஒரே பாலினப் பெற்றோரின் குழந்தைக்கு, அல்லது மணமாகாத தாயின் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடைக்குமா?

கிடைக்கும். தம் சேகரத்திலுள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் மறுக்கக் குருவுக்கு அதிகாரமில்லை. பெற்றோரை ஆயத்தப்படுத்தச் சிறிது காலம் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவே.

இந்த முடிவுகள் தமிழ்நாட்டில் நம் சபையைக் கட்டுப்படுத்துமா?

கட்டுப்படுத்தாது. இந்தியாவில் கிறிஸ்தவத் திருமணங்கள் 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி நடக்கின்றன. உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கிய பிரிவைத் தளர்த்தியது. 2023 அக்டோபர் 17 அன்று ஒரே பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் தர மறுத்தது. லண்டன் சினாடின் வாக்கு இதில் எதையும் மாற்றாது. 'வெள்ளைக்காரன் சபை நம் மேல் திணிக்கிறது' என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. நம் பிள்ளைகளில் தன்பாலீர்ப்பு உள்ளவர்களே இல்லை என்ற நம்பிக்கைக்கும் ஆதாரமில்லை.

எங்கள் மகன் தான் தன்பாலீர்ப்பு உள்ளவன் என்று சொல்கிறான். குருவிடம் அழைத்துப் போய் 'மாற்ற' முடியுமா?

தயவுசெய்து வேண்டாம். பாலீர்ப்பை மாற்றும் 'சிகிச்சை'யைத் தடை செய்ய வேண்டும் என்று இங்கிலாந்துத் திருச்சபையின் சினாடே 2017இல் அரசைக் கேட்டுக்கொண்டது. சென்னை உயர் நீதிமன்றமும் 2021இல் அத்தகைய மருத்துவ முயற்சிகளுக்கு எதிராக உத்தரவிட்டது. உபவாச ஜெபம், விடுதலை ஊழியம் என்று பெயர் மாற்றிச் செய்தாலும் பிள்ளையின் மனதுக்கு நேரும் காயம் ஒன்றுதான்.

போதனையில் நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் முதலில் செய்ய வேண்டியவை எளியவை. அவன் சொன்னதை அவன் அனுமதியில்லாமல் சித்தப்பாவுக்கும் சபை மூப்பருக்கும் சொல்லாதீர்கள். அவசரமாகப் பெண் பார்க்காதீர்கள். ஒரு கல்யாணத்தால் எல்லாம் சரியாகும் என்று நம்பி இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையைப் பணயம் வைப்பது பாவம், இந்தச் சொல்லை யோசித்தே எழுதுகிறேன். வீட்டில் அவன் சாப்பிடும் இடம், உறங்கும் இடம், குடும்ப ஜெபத்தில் அவன் முறை ஆகியவை நேற்றுப் போலவே இருக்கட்டும். உங்களுக்குப் பேச ஆள் வேண்டும் என்றால், ஊர்க்காரர் அல்லாத, வாயைக் கட்டத் தெரிந்த ஒரு குருவைத் தேடுங்கள்.

எங்கள் சேகரத்தின் நிலையை எப்படித் தெரிந்துகொள்வது?

நேரில் கேளுங்கள். மின்னஞ்சலில் கேட்டால் 'நாங்கள் எல்லாரையும் வரவேற்கிறோம்' என்ற ஒரு வரிதான் பெரும்பாலும் திரும்பி வரும். இப்படிக் கேளுங்கள்: பதிவுத் திருமணம் செய்த ஒரே பாலினத் தம்பதிக்காக 2023 டிசம்பரில் அனுமதிக்கப்பட்ட ஜெபங்களை இந்த ஆலயத்தில் பயன்படுத்துவீர்களா? அவர்கள் திருவிருந்து பரிமாறலாமா, ஞாயிறு பள்ளி நடத்தலாமா, சேகர மன்றத் தேர்தலில் நிற்கலாமா? விவாகரத்தானவருக்கு மறுமணம் நடத்துவீர்களா? இந்தச் சேகரம் பெண் குருவை ஏற்கிறதா? ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகள் இவை. மழுப்பினால், 'இதை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?' என்று மரியாதையோடு இன்னொரு முறை கேளுங்கள்.